பழைய அட்வெஞ்சர் பைக்: எதைப் பார்த்து வாங்குவது, எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: அண்ணா, ஏழு வருடமாகச் சாதாரண 150 சிசி பைக் ஓட்டுகிறேன். மண் பாதை, மலைப் பாதை, பல நாள் பயணம் என்று போக ஆசை. புது அட்வெஞ்சர் பைக் வாங்க வசதியில்லை, பழையதாகப் பார்க்கிறேன். இரண்டு வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. ஒன்று 800 சிசி இரட்டை சிலிண்டர், 9 வருடம் பழையது, 61,000 கி.மீ. ஓடியது, அலுமினியப் பெட்டி, க்ராஷ் கார்டு, கூடுதல் விளக்கு எல்லாம் மாட்டியிருக்கிறது. இன்னொன்று 400 சிசி ஒற்றை சிலிண்டர், 5 வருடம், 18,000 கி.மீ.; எதுவும் மாட்டாமல் மொட்டையாக இருக்கிறது, டேங்கில் ஒரு நசுங்கல் வேறு. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். என் உயரம் 160 செ.மீ., எடை 58 கிலோ. எதை வாங்கலாம்? வாங்கியதும் முதலில் என்ன மாட்ட வேண்டும்? — ஒரு வாசகி

பதில்: மொட்டை வண்டியை வாங்குங்கள். அதாவது, கீழே சொல்லப்போகிற சோதனைகளில் அது தேறினால்.

பெரிய வண்டியில் இத்தனை சாமான் சும்மா வருகிறதே என்று உங்களுக்குத் தோன்றும். சும்மா வரவில்லை, எடையாக வருகிறது. 800 சிசி வகை வண்டிகள் பெட்ரோலோடு சேர்த்து 210–230 கிலோ இருக்கும். அலுமினியப் பெட்டி, அதைத் தாங்கும் சட்டம், கார்டு எல்லாம் சேர்ந்தால் உங்கள் துணிமணியை வைப்பதற்கு முன்பே 250-ஐத் தொட்டுவிடும். ஒற்றை சிலிண்டர் 400 பெரும்பாலும் 170-லிருந்து 200-க்குள் நிற்கும். தார் ரோட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. சேற்றில் படுத்துவிட்ட வண்டியைத் தனியாக மூன்றாவது தடவை தூக்கும்போது நன்றாகத் தெரியும்.

மண்ணில் ஓட்டினால் வண்டி விழும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதனால் எந்த வண்டியானாலும் அதே எடையில் ஒன்றைத் தெரிந்தவர்களிடம் கேட்டு, பழைய மெத்தை மேல் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள் (விற்பவரிடம் கேட்டால் விரட்டிவிடுவார்). பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடுப்பை சீட்டில் அண்டக் கொடுத்து, ஒரு கையில் ஹேண்டில் பார், மறு கையில் பின் கம்பியைப் பிடித்துக் காலால் தள்ளிப் பின்னோக்கி நடக்க வேண்டும். முதுகால் தூக்கக் கூடாது. வலப் பக்கம் விழுந்திருந்தால் முதலிலேயே சைடு ஸ்டாண்டைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

சிறிய எஞ்சின் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முதல் பாரிஸ்–டக்கார் பந்தயம் 1979 ஜனவரியில் முடிந்தது. மோட்டார் சைக்கிளில் அதை வென்ற சிரில் நெவு ஓட்டியது யமஹா எக்ஸ்டி 500, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டி. பாலைவனத்துக்கே அது போதுமானதாக இருந்தது.

சரி, சோதனைக்கு வருவோம். காலையில் வருவதாகச் சொல்லுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் சொல்லுங்கள். போனதும் எஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் காட்டிக்கொடுக்கும் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரைப் பாருங்கள். கொஞ்ச நேரம் வெள்ளையாக ஆவி வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அடர்த்தியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது, அந்த வண்டி வேண்டாம். ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த டீ போல நிறம் தெரிந்தாலும் அதே கதை, எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு போதும். எல்லோரும் அதன் சத்தத்தைத்தான் கேட்கிறார்கள். மண்ணில் ஓடிய வண்டி தன் கதையை வேறு இடங்களில்தான் எழுதி வைத்திருக்கும்.

முதல் இடம் ஹேண்டில் பாரைக் கடைசிவரை திருப்பினால் போய் முட்டும் சின்ன இரும்பு மொட்டு. ஃபிரேமின் கழுத்துப் பகுதியில், ஃபோர்க்கைப் பிடிக்கும் கீழ்த் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். சாதாரணமாகத் திருப்பித் திருப்பி முட்டியதில் பெயின்ட் மட்டும் தேய்ந்திருக்கும். ஒரு பக்கத்து மொட்டு நசுங்கியோ வளைந்தோ முளைவிட்டது போல் பிதுங்கியோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது, முன் சக்கரம் எதிலோ மோதி ஹேண்டில் முறுக்கிக்கொண்டு போயிருக்கிறது. பிளாஸ்டிக்கை மாற்றலாம், டேங்குக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டலாம். இந்த மொட்டைச் சரிசெய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. அங்கேயே கழுத்து வெல்டிங்கைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். பெயின்ட் மெல்லிய கோடாக உரிந்திருந்தால் அடியில் விரிசல் இருக்கலாம்.

இரண்டாவது இடம் வண்டியின் அடிவயிறு. பட்டறைத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஏமாந்தேன். பளபளவென்று எஞ்சின் கார்டு, அடியில் தடிமனான பாஷ் பிளேட் (எஞ்சினின் அடியைக் காக்கும் தகடு). அடடா, எவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார் என்று மெச்சிக்கொண்டே வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிளேட்டைக் கழற்றினால், எஞ்சினைத் தாங்கும் ஃபிரேம் குழாய் ஒன்று மிதிபட்ட ஸ்ட்ரா போலத் தட்டையாக இருந்தது. எஞ்சின் கேஸில் ஒரு வெல்டிங் தழும்பு. முதலில் அடி, பிறகுதான் பிளேட்! அன்றிலிருந்து, நாலு போல்ட்டைக் கழற்ற அனுமதிக்காத விற்பனையாளரிடம் நான் பேச்சைத் தொடர்வதே இல்லை. உங்கள் 400 மொட்டையாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அதில் மறைப்பதற்கு எதுவும் மாட்டப்படவில்லை.

மூன்றாவது ஏர் ஃபில்டர் பெட்டி. மூடியைத் திறந்து ஃபில்டரின் உள்பக்கம், அதாவது எஞ்சின் பக்கம், சுத்தமான துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் எஞ்சின் தூசியைத் தின்றிருக்கிறது, பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும். பெட்டியின் சுவரில் காய்ந்த வண்டல் கோடு தெரிந்தால் வண்டி அந்த உயரத்துக்குத் தண்ணீரில் நின்றிருக்கிறது.

மீதியை வேகமாகச் சொல்கிறேன். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் லேசாகக் 'கொக்கி' விழுந்து சிக்கினால் கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) போய்விட்டது. பின் சக்கரத்தையும் தூக்கி, அதைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரியக் கூடாது. ஸ்போக் கம்பிகளை ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்து இழுத்தால் பல்லில் பாதி வெளியே தெரியுமளவு விலகினால் செட்டையே மாற்ற வேண்டும். பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அளந்து பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019-ன் 35-வது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கிழட்டு டயர் ஈரத்தில் பிடிக்காது. பேட்டரியில் மல்ட்டி மீட்டர் வைத்து எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5-லிருந்து 14.5 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். சீட்டைத் தூக்கி வயரிங்கைப் பாருங்கள். அங்கே இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு வேலைகள் கொடியாய்ப் படர்ந்திருந்தால் விலையைக் குறைக்காதீர்கள், திரும்பி வந்துவிடுங்கள். ராத்திரியில் எங்கோ நடுக்காட்டில் ஒவ்வொரு ஒட்டாகத் தேடும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

மீட்டரில் 18,000 என்றால் ஃபுட்ரெஸ்ட்டும் கியர் லீவர் ரப்பரும் அதற்கேற்ற தேய்மானத்தில் இருக்க வேண்டும். வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும், வண்டி மேல் கடன் பாக்கி இருக்கக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது உயர்ந்த கியரில், குறைந்த வேகத்திலிருந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரை முறுக்குங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. முன் பிரேக்கை அழுத்தும்போது ஹேண்டிலில் 'டக்' என்று தட்டினால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. நேர் ரோட்டில் ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றால்தான் வண்டி நேராகப் போகிறது என்றால் ஃபோர்க் முறுக்கியிருக்கலாம். ஃபோர்க்கைத் தளர்த்தி நேர்செய்தால் சில சமயம் சரியாகிவிடும், ஃபிரேமே வளைந்திருந்தால் ஆகாது.

பேரம் பேசுவதற்கு முன், கையிலிருக்கும் மொத்தப் பணத்தில் கால் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். வண்டிக்கு மீதி முக்கால்தான். முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, கிழட்டு டயரில் மலையேறப் போகிறவர்களை எங்கள் பட்டறையில் வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

இனி அந்தக் கால் பங்கை எங்கே செலவழிப்பது? முதல் செலவு கண்ணுக்கே தெரியாதது. எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், பிரேக் ஆயில், கூலன்ட், ஃபோர்க் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். போன மாதம்தான் மாற்றினேன் என்று விற்றவர் சொல்வார், சொல்லட்டும். வால்வ் இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கோன் செட், ஸ்விங் ஆர்ம், அதைப் பின் ஸ்ப்ரிங்கோடு இணைக்கும் லிங்கேஜ் பேரிங்குகளைக் கழற்றிக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். லிங்கேஜில் பலர் வண்டி வாங்கியதிலிருந்து கிரீஸே வைப்பதில்லை.

இரண்டாவது செலவு டயர். பாதிக்குப் பாதி மண், தார் என்று ஓடுவீர்கள் என்றால் பெரிய பட்டன் போட்ட, ஆனால் தாரிலும் ஓடக்கூடிய இரட்டைப் பயன் டயர் போதும். முழு மண் டயர் ஈரத் தாரில் வழுக்கும், சீக்கிரம் தேயும். டயரை விடக் காற்று முக்கியம். மண்ணில் 22–25 பிஎஸ்ஐ வைத்தால் டயர் விரிந்து பிடிக்கும். தாருக்கு வந்ததும் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றிவிடுங்கள். அதனால் சின்ன பம்ப் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். ட்யூப் டயராக இருந்தால் கல் நிறைந்த பாதையில் காற்றை அளவுக்கு மீறிக் குறைக்காதீர்கள், ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கிப் பாம்பு கடித்தது போல் இரட்டை ஓட்டை விழும். இடம் இல்லாதபோது முன் சக்கர ட்யூப் ஒன்றை மட்டும் எடுத்துப் போகலாம். 21 இஞ்ச் ட்யூபைப் பின் சக்கரத்தில் மடித்துத் திணித்து அடுத்த ஊர்வரை ஒப்பேற்றிவிடலாம்.

மூன்றாவதுக்குச் செலவே இல்லை. வண்டியை உங்கள் உடம்புக்குப் பொருத்துவது. ஒரு ஸ்பேனர் செட்டோடு அரை நாள் உட்காருங்கள். மண்ணில் பாதி நேரம் நின்றுகொண்டுதான் ஓட்டுவீர்கள். ஃபுட்ரெஸ்ட் மேல் ஏறி நின்று, முட்டியை லேசாக மடித்து, கையை ஹேண்டிலில் வையுங்கள். கூன் விழுந்தால் ஹேண்டிலைக் கொஞ்சம் முன்னுக்குச் சுழற்றுங்கள், தேவைப்பட்டால் அடியில் உயர்த்தும் கட்டை போடலாம். போட்டால் கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடாமல் திரும்புகிறதா என்று இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். கிளட்ச், பிரேக் லீவர்களைக் கீழ்நோக்கிச் சாயுங்கள், நிற்கும்போது முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் வர வேண்டும். லீவர் கிளாம்ப் போல்ட்டை இறுக்கிப் பிழியாதீர்கள். பலமாகத் தட்டினால் சுழலும் அளவுக்கு விடுங்கள். விழும்போது லீவர் சுழன்று தப்பிக்கும், உடையாது. ஃபுட்ரெஸ்ட் ரப்பரைக் கழற்றிவிடுங்கள், ஈரத்தில் வழுக்குவது அதுதான்.

கால் எட்டுமா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உயரத்தை எழுதியிருப்பதால் கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு காலும் பதிய வேண்டும் என்று கட்டாயமில்லை. சிக்னலில் சீட்டின் ஒரு ஓரத்துக்கு நகர்ந்து இடது கால் முழுதாக ஊன்றினால் போதும். வலது கால் பின் பிரேக்கில் இருக்கும். லிங்கை மாற்றிப் பின்பக்கத்தைத் தாழ்த்தித் தருகிறேன் என்பார்கள். தாழ்த்தலாம், ஆனால் அடிவயிறு கல்லில் இடிக்கும், சைடு ஸ்டாண்டில் வண்டி நிமிர்ந்து நின்று காற்றடித்தாலே விழப் பார்க்கும், முன்பக்கத்தையும் அதற்கேற்பத் தாழ்த்தாவிட்டால் திருப்பங்களில் வண்டியின் குணமே மாறிவிடும். அதற்குப் பதில் சீட்டின் முன்பகுதி பக்கங்களில் ஃபோமைக் குறுக்கச் சொல்லுங்கள். இரண்டு செ.மீ. உயரம் குறைந்தது போலவே இருக்கும்.

சஸ்பென்ஷனும் இதோடு சேர்ந்ததுதான். பின் சக்கர அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே சீட்டுக்கடியில் ஒரு புள்ளி குறித்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஓர் அளவு, நீங்கள் ரைடிங் உடையோடு ஏறி உட்கார்ந்ததும் ஓர் அளவு எடுங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் டேப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் சக்கரத்தின் மொத்த மேல்-கீழ் அசைவில் சுமார் 30 சதவீதம் இருந்தால் நல்லது, அதாவது 200 மி.மீ. அசைவு உள்ள வண்டிக்கு 60 மி.மீ. உங்கள் எடைக்குக் கம்பெனி ஸ்ப்ரிங் கொஞ்சம் கடினமாக இருக்க வாய்ப்புண்டு. 35, 40 மி.மீ.தான் இறங்குகிறது என்றால் ப்ரீலோடை (ஸ்ப்ரிங்கின் முன் இறுக்கத்தை)த் தளர்த்துங்கள். வண்டி தாழும், கால் எட்டும், கல்லில் தூக்கிப் போடுவதும் குறையும். முழுக்கத் தளர்த்தியும் இறங்காவிட்டால் மென்மையான ஸ்ப்ரிங் வாங்க வேண்டியதுதான். சாமான் ஏற்றினால் மறுபடி இறுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள், எத்தனை சுற்று என்று டேங்க் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்போதுதான் மாட்டுகிற சாமான். நான் முதலில் மாட்டச் சொல்வது இரண்டே: அலுமினிய எலும்பு உள்ள கை கார்டு, அப்புறம் பாஷ் பிளேட். வெறும் பிளாஸ்டிக் கை கார்டு குளிரைத்தான் தடுக்கும், லீவரைக் காப்பாற்றாது. பாஷ் பிளேட்டில் ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு நேரே ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பிளேட்டைக் கழற்ற வேண்டும். மூன்றாவதாக வேண்டுமானால் ரேடியேட்டருக்கு ஒரு வலை. பெட்டியைப் பொறுத்தவரை நான் துணிப் பைக் கட்சி. மண்ணில் காலைத் தரையில் ஊன்றும்போது அலுமினியப் பெட்டி பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலை நசுக்கும், கால் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. துணிப் பை இலகு, விழுந்தாலும் பின் கம்பியை வளைக்காது. கனமானதைக் கீழேயும் முன்னேயும் வையுங்கள், பின் ரேக்கின் நுனியில் கல் மாதிரி எதையும் கட்டாதீர்கள். விரிசல் விடுவது அந்த ரேக் வெல்டிங்தான். வண்டி தாங்கும் மொத்த எடை கையேட்டில் இருக்கும், அதில் உங்கள் 58 கிலோவும் சேர்த்தி.

சைலன்சர் மாற்றுவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். கூடுதல் விளக்கு, இரவில் ஓட்டுவதாக இருந்தால் மட்டும், ரிலேயும் ஃபியூஸும் போட்டு. செங்குத்து ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பாருங்கள். 15-ஐ 14 ஆக்குவது, பின்னால் 45-ஐ 48 ஆக்குவதற்குக் கிட்டத்தட்டச் சமம், செலவோ மிகக் குறைவு.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, வண்டியில் எடுத்துப் போகப்போகும் டூல்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் பின் சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை வெளியே எடுத்து, திரும்ப மாட்டுங்கள். முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆகும், விரலில் தோல் உரியும். எந்த ஸ்பேனர் குறைகிறது, எது தேவையே இல்லை என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அச்சு நட்டுக்கான பெரிய ஸ்பேனர்தான் குறையும்.

கடைசியாக அந்த டேங்க் நசுங்கல். அது எங்கே இருக்கிறது என்று எழுதவில்லையே? ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, பாரோ சுவிட்ச் பெட்டியோ அந்த நசுங்கலுக்கு நேரே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நான் முன்னே சொன்ன கழுத்துப் பகுதி இரும்பு மொட்டை இன்னொரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நேரே வரவில்லை, உள்ளே துருவும் இல்லை என்றால் நின்ற இடத்தில் எங்கோ சாய்ந்து வாங்கிய அடிதான். அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். டிங்கரிங் வேண்டாம், எப்படியும் முதல் பயணத்திலேயே அதற்குப் பக்கத்தில் இன்னொன்று விழும்.